முன்னிசை மட்டும்

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு ஒரு சின்னக் கண்காட்சி வைத்தார்கள். "வீட்ல பழைய பொருள் ஏதாவது இருந்தா கொடுங்கண்ணே, மரபு மூலை காலியா கிடக்கு" என்று குழுவிலிருந்த தம்பி கேட்டார். ஒருவர் பித்தளைக் கூஜா கொடுத்தார். ஒருவர் பல்லாங்குழி. நான்காம் மாடிப் பாட்டி, தன் கல்யாணச் சீரில் வந்த முறுக்கு உழக்கைத் தொட்டுக் கும்பிட்டுக் கொடுத்தார். நான் ஒரு கேசட் கொடுத்தேன். 'ரோஜா', 1992.

கூஜாவுக்கும் முறுக்கு உழக்குக்கும் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள், கேசட் படுத்துக்கொண்டது. கீழே ஓர் அட்டை: 'நம் மரபு'. கையில் மைக்கையும் கொடுத்துவிட்டார்கள். ஏழு நிமிடம் பேசினேன். மண்வாசனை, வேர், அடையாளம் ஆகிய மூன்று சொற்களையும் எந்த வரிசையில் போட்டாலும் கைதட்டல் வரும். வந்தது.

அந்தப் பேச்சில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். 19 வயதில் அந்த கேசட்டின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரே காரணம்தான்: அது தமிழ்ப் பாட்டு மாதிரியே இல்லை.

*

எங்கள் வீடு சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் பக்கத்திலேயே, பஃபலோ ரோட்டில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் இருந்தது. காலையில் மீனும் மல்லிகையும் ஒரே காற்றில் மேலே ஏறி வரும். 1982-ல் அந்தச் சந்தைக் கட்டடத்தைத் திறந்தபோது அதற்கு 'சூஜியாவ் சென்டர்' என்று மாண்டரின் பெயர் வைத்திருந்தார்கள். 'தேக்கா' என்ற ஹொக்கியன் பெயரை அப்படியே மாண்டரினில் திருத்தமாக உச்சரித்தால் அதுதான் வருமாம். சீனர், மலாய்க்காரர், தமிழர் யாரும் அப்படிச் சொல்லவில்லை. எல்லோரும் தேக்கா, தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருக்க, பலகை மட்டும் தனக்குத்தானே சூஜியாவ் என்று சொல்லிக்கொண்டு நின்றது. 2000-ல் பலகையே ஒப்புக்கொண்டு தேக்கா ஆகிவிட்டது. அந்தப் பலகையைப் போல நானும் கொஞ்ச காலம் நின்றிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அப்பாவுக்கு பியூபியில் வேலை. பொதுப் பயனீட்டுக் கழகம் என்று முழுப்பெயர் சொன்னால் அவருக்கே யாரையோ சொல்கிற மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் தண்ணீர், எரிவாயு, மின்சாரம் மூன்றும் அவர்கள் கையில் இருந்தன. அப்பா மின்சாரப் பக்கம். நான் பிறந்து வளர்ந்த காலத்தில் எங்கள் வீட்டில் கரண்டு போனதாக எனக்கு நினைவே இல்லை. அதில் அப்பாவுக்கு ஒரு சொந்தப் பெருமை உண்டு. விளக்குப் போடும்போதெல்லாம் லேசாக மீசையைத் தடவிக்கொள்வார்.

இன்னொரு பெருமை 1979-ஆம் ஆண்டுடையது. கே. பாலசந்தர் 'நினைத்தாலே இனிக்கும்' படத்துக்காக ஒரு கூட்டத்தையே சிங்கப்பூருக்குக் கூட்டிவந்தார். இசைக்குழு ஒன்று இங்கே கச்சேரி செய்ய வருகிற கதை. கமலும் ரஜினியும் நடிக்க, எம்.எஸ். விஸ்வநாதன் இசை. அப்பா வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போனார். ஒரு காட்சியில் தன் முதுகு வருவதாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வீடியோவில் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். முதுகுகள் நிறைய இருந்தன.

அப்பாவுக்கு இசை என்றால் எம்.எஸ்.வி. பிறகு, பெருந்தன்மையோடு, இளையராஜா. மூச்சு வாங்குகிறவன் வாசிப்பதுதான் இசை, ஐம்பது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வியர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

எனக்கு வியர்வைதான் பிரச்சினை.

*

வகுப்பில் 40 பேர். அதில் தமிழ்ப் பிள்ளைகள் மூன்று. பள்ளிப் பேருந்தில் யாராவது தமிழ்ப் பாட்டு என்று சொன்னால் போதும், பின்வரிசைப் பையன்கள் கண்ணை உருட்டித் தலையை ஆட்டிக் காட்டுவார்கள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அடுத்த நிமிடம் அவர்களே தங்கள் தின்பண்டத்தை நீட்டுவார்கள். ஆனால் பதின்மூன்று வயதில் அந்தத் தலையாட்டல் போதும். வகுப்புத் தோழன் வீட்டுக்கு வந்தால் நான் முதலில் செய்கிற வேலை, அடுக்களையில் பாடிக்கொண்டிருக்கும் வானொலி 4-ன் சத்தத்தைக் குறைப்பது. "ஏன்டா, பாட்டு உன்னை என்ன பண்ணுச்சு?" என்று அம்மா கேட்பார். படிக்கணும் என்பேன். அதற்கு மேல் எந்தத் தமிழ்த் தாயும் கேள்வி கேட்க மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கீபோர்டு ஆசாமிகள் வந்து சேர்ந்தார்கள். 1985-ல் நார்வேயிலிருந்து 'ஆஹா' என்று மூன்று பேர். அதே ஆண்டு ஜெர்மனியிலிருந்து 'மாடர்ன் டாக்கிங்'. முதல் ஆல்பத்துக்கு 'தி ஃபர்ஸ்ட் ஆல்பம்' என்றே பெயர் வைத்த பொறுப்பான மனிதர்கள். 1986-ல் லண்டனிலிருந்து 'பெட் ஷாப் பாய்ஸ்', முதல் ஆல்பத்தின் பெயர் 'ப்ளீஸ்'. கடையில் போய்க் கேட்கும்போது மரியாதையாகக் கேட்க வேண்டும் என்பதற்காக வைத்த பெயராம். இதற்கெல்லாம் சிந்த்-பாப் என்று பெயர் என்பது பின்னால்தான் தெரியும். எங்களுக்கு அது டிக்-டிக் பாட்டு.

அதில் என்ன கவர்ச்சி? இத்தனை வயசுக்குப் பிறகு நேர்மையாகச் சொல்லலாம். அவர்கள் அசையவில்லை. பெட் ஷாப் பாய்ஸில் ஒருவர் பாடுவார், இன்னொருவர் கீபோர்டுக்குப் பின்னால் தொப்பியோடு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நிற்பார். சிரிப்பு கிடையாது, அழுகை கிடையாது, தலையாட்டல் கிடையவே கிடையாது. தலையாட்டலுக்குப் பயந்து வாழ்ந்த ஒரு பையனுக்கு இதைவிடப் பெரிய விடுதலை வேறென்ன?

இன்னொன்று, அதில் குரு இல்லை. எங்கள் வட்டாரத்தில் வாத்தியம் என்றால் விஜயதசமி, தட்சிணை, பத்து வருஷ சரளி வரிசை, நடுவில் வாத்தியாருக்குக் கோபம் வந்தால் இன்னும் இரண்டு வருஷம். சிந்த்-பாப்பில் மூன்று விரல் போதும். 1980-ல் வந்த ரோலண்ட் டிஆர்-808 தாளம் போடும். 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 மணியும் அடிக்கும், பியானோவும் வாசிக்கும். அதே ஆண்டு 'மிடி' என்ற பொது ஏற்பாடு வந்து, ஒரு கம்பெனியின் பெட்டியும் இன்னொரு கம்பெனியின் பெட்டியும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. நம் வீட்டு மாமன் மச்சான்கள் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

கேசட்டுகளும் மலிவு. நான் சிறுவனாக இருந்தபோது சிங்கப்பூர், திருட்டுப் பதிவு கேசட்டுகளுக்கு உலகப் புகழ் பெற்ற ஊர். இன்று தண்டவாளத்தில் தாள் போட்டாலே அபராதம் விதிக்கும் ஊர்தான் அது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். 1987-ல் புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்தது. கேசட்டின் விலையும் என் மனசாட்சியும் ஒரே வருஷத்தில் ஏறின.

*

இளையராஜா எங்களை அப்படியே விட்டுவிடவில்லை. 1986-ல் 'விக்ரம்' வந்தபோது முதல் பாட்டிலேயே இயந்திரத் துடிப்பு. அதே ஆண்டு தீபாவளிக்கு வந்த பாலசந்தரின் 'புன்னகை மன்னன்', கணினி வழியே இசை அமைத்த படம் என்று பேசப்பட்டது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் ராஜாவிடம் ஒரு பழக்கம்: இயந்திரத்தை எவ்வளவு தூரம் ஓடவிட்டாலும் நடுவில் முப்பது வயலின்களைக் கொண்டுவந்து வாசலை அடைத்துவிடுவார். அப்பா "பாத்தியா?" என்பது போல என்னைப் பார்ப்பார். பல்லவி முடிவதற்குள் அம்மாவுக்கு அழுகை வந்துவிடும். இப்படி ஒரு பாட்டை எப்படி ஒரு தோழனுக்குப் போட்டுக் காட்டுவது?

1992-ல் நான் தேசிய சேவைக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். சிராங்கூன் சாலையில் அப்போது கேசட் கடைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பெரிய ஸ்பீக்கர், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பாட்டு. வீரமாகாளியம்மன் கோயிலிலிருந்து பெருமாள் கோயில்வரை நடந்தால் தமிழ் சினிமாவின் முப்பதாண்டு வரலாற்றை வரிசை குலைந்து கேட்டுவிடலாம். பட்டியல் எழுதிக் கொடுத்தால் டிடிகே கேசட்டில் பதிந்தும் தருவார்கள். அதற்கு 'செலக்‌ஷன்' என்று பெயர். அதில் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு ஒரு பாட்டைக் கடைசியில் சேர்த்துவிடுவார். அது எப்போதும் முருகன் பாட்டு.

அன்றைக்கு அந்த ஸ்பீக்கர்களில் ஒன்றிலிருந்து வந்தது வேறொன்று. பாட்டு என்று சொல்ல முடியாது. முதலில் வெறும் இடம். ஒரு பெரிய வெற்று மண்டபத்தில் யாரோ ஒரு மணியைத் தட்டிவிட்டு ஓடின மாதிரி. பிறகு அடியிலிருந்து ஒரு பேஸ் உருண்டு வந்தது. தாளம் முந்தவுமில்லை, அவசரப்படவுமில்லை; எங்கள் எம்ஆர்டி ரயில் மாதிரி வந்து, நின்று, போனது. ஒலிகளுக்கு நடுவில் அவ்வளவு காற்று. அதுவரை நான் கேட்ட தமிழ்ப் பாட்டுகள் எல்லாம் தீபாவளி நேரத்துச் சிராங்கூன் சாலை. ஆளை ஆள் இடித்துக்கொண்டு வரும். இது காலை ஆறு மணிச் சிராங்கூன் சாலை.

"யாருண்ணே இது, ராஜாவா?" என்றேன்.

"இல்லப்பா. யாரோ புதுப் பையன். ரகுமான்னு போட்டிருக்கு" என்றார் கடைக்காரர், அட்டையைக் கண்ணுக்கு அருகில் பிடித்து. "படம் மணிரத்னம். நல்லாத்தான் இருக்கு. ஆனா நிக்காது." எத்தனையோ வருஷமாகக் கேசட் விற்றவரின் கணிப்பு அது. ஐந்தாறு ஆண்டில் பாட்டு நின்றது, கடைதான் போனது.

வீட்டில் போட்டேன். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே முழுசாகக் கேட்டார். வைரமுத்து வரிகளை மட்டும் "ம்" என்று அங்கீகரித்தார். முடிந்ததும் பியூபி தீர்ப்பு வந்தது: "கரண்டு போனா இந்தப் பாட்டும் போயிரும்டா."

கரண்டே போகாத ஊரில், கரண்டைப் போகவிடாத வேலையில் இருந்த மனிதர் சொன்னது அது.

*

தெக்கோங் தீவில் ராணுவ அடிப்படைப் பயிற்சி. படகில் ஏற்றிக்கொண்டு போய், தலையை மழித்து, எல்லோரையும் ஒரே நிறமாக்கிவிடுவார்கள். பங்க் அறையில் எனக்குப் பக்கத்துக் கட்டில் தோ பாயோ பையன். பூட்ஸுக்குப் பாலிஷ் போடும்போதும் தரையில் விரலால் தாளம் தட்டுகிறவன். அவனிடம் 'டெப்பேஷ் மோட்' குழுவின் முதல் ஆல்பம் இருந்தது: 1981-ல் வந்த 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்'. குழந்தைகளுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டச் சொல்லித்தந்த ஒரு பேசும் பொம்மையின் பெயரையே எடுத்து வைத்த பெயர் என்பான். பாட்டெழுதிக் கொடுத்த வின்ஸ் கிளார்க் அந்த ஒரே ஆல்பத்தோடு குழுவை விட்டுப் போய்விட்டார். அவன் அதைச் சொந்த அண்ணன் வீட்டைவிட்டுப் போன மாதிரி சொல்வான். "அதனாலதான் முதல் ஆல்பம் முக்கியம். அப்புறம் எல்லாருக்கும் தான் யாருன்னு தெரிஞ்சிடும்" என்பது அவன் கொள்கை. முதல் ஆல்பங்களை மட்டுமே வாங்குவான்.

ஒரு ராத்திரி விளக்கணைத்த பிறகு என் வாக்மேனின் ஒரு காதை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டான். உள்ளே இருந்தது 'ரோஜா'. அந்த வெற்று மண்டபம், அந்த மணி, உருளும் பேஸ். அவன் விரல் கட்டில் கம்பியில் தட்ட ஆரம்பித்தது. அடுத்து குரல் வரப்போகிறது. எனக்குப் பின்வரிசைத் தலையாட்டல் ஞாபகம் வந்தது.

ஸ்டாப்பை அழுத்தினேன்.

"என்ன ஆச்சு?"

"பேட்டரி வீக்கு."

"எந்த பேண்டு? ஜப்பானா?"

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இருட்டில் அது எளிது.

அடுத்த ராத்திரி, "அந்த ஜப்பான்காரனைப் போடு" என்றான். பேட்டரியைத் தொட்டு ஏதோ செய்வதுபோல் செய்துவிட்டு, அடுத்த பாட்டின் முன்னிசையை ஓட்டினேன். குரலுக்கு ஒரு மூச்சு முன்னால் நிறுத்தினேன். மூன்று மாதமும் இப்படித்தான் போயிற்று. 'ரோஜா' ஆல்பத்தில் எந்தப் பாட்டில் எத்தனையாவது தாளத்தில் மனிதக் குரல் தொடங்கும் என்பது ஏ.ஆர். ரகுமானுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரிந்திருக்கும். சுடும் பயிற்சியில் என் விரலுக்கு அந்தத் துல்லியம் கடைசிவரை வரவில்லை.

புக் அவுட் ஆகி வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முழுப் பாட்டையும் கேட்டேன், கதவைச் சாத்திக்கொண்டு. பாடகி மின்மினியின் குரல் வருகிற இடத்தில் உடம்பு சிலிர்க்கும். அதை மட்டும் தமிழில் வைத்துக்கொண்டேன்.

*

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை இவை. அந்தப் 'புதுப் பையன்' ஒரு பேண்டுக்காரர்தான். சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் போன்ற சிநேகிதர்களோடு 'ரூட்ஸ்' என்ற குழுவில் கீபோர்டு வாசித்தவர். சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்று இன்னொரு ராக் குழு. அவருடைய அப்பா ஆர்.கே. சேகர் மலையாளத் திரையிசைக்காரர். பையனுக்கு ஒன்பது வயதில் அவர் இறந்துபோக, விட்டுச்சென்ற இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. பெட்டி போனால் சோறு போகும் என்ற வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பெட்டியின் மேல் அவநம்பிக்கை எப்படி வரும்? பிறகு விளம்பரப் பாட்டுகள். லியோ காபிக்குப் போட்ட இசை மணிரத்னத்தின் காதுக்குப் போனது. வீட்டோடு சேர்ந்த சின்ன ஸ்டூடியோவில், ராத்திரி முழுக்க, ஒலி மேல் ஒலியாக அடுக்கிச் செய்தார். ஐம்பது பேர் ஒரே கூடத்தில் வியர்க்கும் காலம் அந்த அறையில்தான் முடிந்தது. என் அப்பா பயந்தது வீண் அல்ல.

முதல் படத்துக்கே தேசிய விருது. 2005-ல் 'டைம்' இதழ் உலகின் சிறந்த பத்துத் திரையிசைகளில் 'ரோஜா'வைச் சேர்த்தது. என் பக்கத்துக் கட்டில்காரனின் கொள்கைக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னும் கொஞ்சம் தோண்டியபோது அப்பாவின் முதுகும் வந்து சேர்ந்தது. 'ரோஜா'வைத் தயாரித்தது பாலசந்தரின் கவிதாலயா. வசனம் சுஜாதா. அவரேதான் 'நினைத்தாலே இனிக்கும்', 'விக்ரம்' கதைகளுக்குச் சொந்தக்காரர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர். அப்பா வேலைக்கு மட்டம் போட்டுப் பார்க்கப் போன கூட்டத்திலிருந்துதான் அவர் வெறுத்த பாட்டும் வந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை நாணவைத்த கதை சரண்ஜித் சிங்குடையது. பம்பாய் சினிமாவில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர். ரோலண்ட் கம்பெனியின் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 என்ற கருவிகளை வைத்துக்கொண்டு, 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஓடவிட்டு ஓர் ஆல்பம் போட்டார். யாரும் வாங்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து சிகாகோவில் அதே டிபி-303-ஐத் திருகி ஒரு புது இசை பிறந்தது. அதற்கு ஆசிட் ஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள். 2010-ல் சிங்கின் ஆல்பத்தை மறுபதிப்புச் செய்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்குள் அவருக்கு வயதாகிவிட்டது, 2015-ல் காலமானார். அந்த டிபி-303-ஐ அவர் எங்கே வாங்கினார் தெரியுமா? சிங்கப்பூரில்.

நான் பதின்மூன்று வயதில் நார்வே, ஜெர்மனி, லண்டன் என்று தேடிக்கொண்டிருந்த சத்தத்தை, அதற்கு முன்பே ஒரு சர்தார்ஜி எங்கள் ஊரில் காசு கொடுத்து வாங்கி, பைரவியும் மேகமும் வாசிக்கப் பம்பாய்க்குக் கொண்டுபோயிருக்கிறார்.

*

போன வருஷம் படையணிச் சிநேகிதர்கள் ஒன்றுகூடினோம். கோப்பிக்கடைதான், ஆனால் எல்லோரும் சீனி இல்லாத கோப்பி. தோ பாயோக்காரனுக்கு வழுக்கை. மகளின் கல்யாண வீடியோவைக் காட்டினான். சீனப் பிள்ளைகள் இருபது பேர் அனிருத் பாட்டுக்குக் குதிக்கிறார்கள். ஒருவரும் சத்தத்தைக் குறைக்கவில்லை. தலையாட்டல்கூட இருந்தது; உண்மையான, சந்தோஷமான தலையாட்டல். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஏனோ லேசாக எரிச்சலாகத்தான் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் இவர்கள் எங்கே போனார்கள்?

"அந்த ஜப்பான் பேண்டு ஞாபகம் இருக்கா?" என்றான்.

ஒப்புக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன்.

"டேய், கேசட் மேலயே 'ரோஜா'ன்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு லா. தமிழ்னு மொத நாளே தெரியும். நீ சொல்ற வரைக்கும் கேக்க வேண்டாம்னு விட்டேன்." கோப்பியை ஒரு மிடறு குடித்தான். "ஆனா குரல் வர்றதுக்குள்ள நிறுத்துவ பாரு, அதுதான் கடுப்பு. இப்பவும் எனக்கு அந்த ஆல்பத்துல முன்னிசை மட்டும்தான் தெரியும். கல்யாணத்துல யாரோ ஒரு பாட்டைப் போட்டாங்க. குரல் வந்ததும் திடுக்குன்னு ஆயிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

*

சிராங்கூன் சாலையில் அந்த ஸ்பீக்கர்கள் இப்போது இல்லை. கேசட் கடைகள் இருந்த இடங்களில் சிம் கார்டு விற்கிறார்கள், பணம் அனுப்புகிறார்கள். கேம்பல் லேனில் 2015 முதல் இந்திய மரபுடைமை நிலையம் நிற்கிறது. பாட்டு அவரவர் காதுக்குள் போய்விட்டதால் சாலையே மௌனப்படம் மாதிரி ஓடுகிறது.

என் மகளுக்கு 18 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒலிப்பதிவு படிக்கிறாள். அவள் பேருந்தில் சத்தமாகக் கேட்பது என்ன தெரியுமா? பறை. தவில். 80-களின் இளையராஜா, அந்த முப்பது வயலின்களோடு. நான் கதவைச் சாத்தி மறைத்த அத்தனையையும் அவள் ஊர் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு போகிறாள். 'ரோஜா'வைப் போட்டுக் காட்டினேன். மரியாதையாக முழுசும் கேட்டாள்.

"நல்லாருக்குப்பா. ஆனா கொஞ்சம் பிளாஸ்டிக்கா இருக்கு. இதெல்லாம் கீபோர்டு சத்தம்தானே? ஆள் வாசிக்கிற மாதிரி இல்லையே."

தாத்தாவை அவள் பார்த்ததே இல்லை. அவர் மீசையைத் தடவிக்கொள்வது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எனக்கு மேலே ஒரு தலைமுறை, கீழே ஒரு தலைமுறை, இரண்டும் ஒரே கட்சி. நடுவில் நான் மட்டும் கரண்டை நம்பி.

"உனக்கு என்ன தெரியும்? இதுதான் நம்ம மரபு" என்றேன். சொல்லும்போதே வாய் கூசியது.

கண்காட்சி முடிந்து கேசட் வீட்டுக்கு வந்ததும், "டேப் கெட்டுப்போறதுக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன்" என்றாள். 2017 ஜூலையில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை மூடுவதற்கு முந்தின வாரம் அங்கே வாங்கிய கேசட் டெக் ஒன்று என்னிடம் இருந்தது. தூசி தட்டி இணைத்துக் கொடுத்தேன். அவள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டாள். திரையில் ஒலி பச்சைக் கோடாக நடுங்கிக்கொண்டு நகர்ந்தது. நான் பேப்பர் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பாட்டில் நெற்றியைச் சுருக்கினாள். இரண்டாவதில் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். மூன்றாவதில் ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"அப்பா, இந்த டேப்புல ஒரு கோளாறு இருக்கு. எல்லாப் பாட்டுலயும் ஒரே இடத்துல. குரல் ஆரம்பிக்கிறதுக்குச் சரியா முன்னாடி தடுக்கி விழற மாதிரி ஒரு இழுப்பு. நாடா நசுங்கியிருக்கு. மத்த எடமெல்லாம் சுத்தமா இருக்கு. ஏன் அங்க மட்டும்?"

திரையைக் காட்டினாள். பச்சைக் கோட்டில், ஒவ்வொரு முன்னிசையின் முடிவிலும், ஒரு சின்னப் பள்ளம்.

பேப்பரை மடித்தேன்.

"அந்தக் காலத்துல கரண்டு சரியில்லம்மா" என்றேன்.

"சிங்கப்பூர்லயா?" என்றாள்.